ஐஸ் மிசின் பஞ்சமம்

யாழ்ப்பாணம்
20.02.2005

அன்பின் அக்கா,

சுகமாக வந்து சேர்ந்தேன். உங்கள் ஊர் மணல் சப்பாத்துக்குள் என்னோடு வந்திருக்கிறது. கொட்ட மனம் வரவில்லை. நீங்களும் அத்தானும் விதுவும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

விதுவின் வயலினை பஸ் சாரதியிடம் கொடுத்து அனுப்புகிறேன். மார்கழியில் திருத்துவதற்கென்று நான் இங்கே எடுத்து வந்திராவிட்டால், அலை வந்த அன்று சுருதிப்பெட்டியோடு அதுவும் கடலில் போயிருக்கும். அன்று அலையோடு போன அவள் சிநேகிதி கௌசியைப் பற்றி விதுவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை. ஒரே வயலினில் பழகிய இரண்டு பிள்ளைகள். ஒருத்தி வாசித்தால் மற்றவள் தாளம் போடுவாள். இனி

அந்த வரியை விடுங்கள்.

வகுப்பு எடுக்க நான் அங்கே இல்லை. ஆனால் குறிப்பு எழுதலாம். இங்கே என்னிடம் வீட்டுக்கு வந்து படிக்கும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். பாடம் முடிந்தபின் கலண்டர் தாளின் பின்புறத்தில் மூன்று வரி. நல்லது ஒன்று. பிழை ஒன்று. வேலை ஒன்று. அதற்கு மேல் எழுதினால் பிள்ளை படிக்காது, தாய்தான் படிப்பாள்.

விது வாசிப்பதைக் கேட்டு நீங்கள் எழுதுங்கள். எனக்குக் கேட்கும்.

குறிப்பு, விதுவுக்கு.
நல்லது: வயலின் வீடு வந்துவிட்டது.
பிழை: இன்னும் இல்லை.
வேலை: விரல் வைக்காமல் வெறும் தந்தியில் நீள வில். அடியிலிருந்து நுனி வரை ஒரு மூச்சு.

உங்கள் தங்கை,
யசோதினி


வாழைச்சேனை
02.04.2005

அன்புள்ள தங்கச்சி யசோவுக்கு அக்கா எழுதுவது.

கடவுள் புண்ணியத்தில் மூவரும் சுகம். நீ மெலிந்துபோனாய் என்று அத்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறார். கடைச் சாப்பாட்டை நம்பாதே.

கல்குடாவில் வீடு இருந்த இடத்தைப் போய்ப் பார்த்தோம். கிணறு மட்டும் இருக்கிறது. இப்போது இங்கே, துறைமுகத்து ஐஸ் ஆலைக்குப் பின்னால் ஒரு தகர வீடு. அத்தானுக்கு ஆலையிலேயே வேலை கிடைத்துவிட்டது. நான் கருவாடு போடுகிறேன்.

வயலின் வந்தது. விது வாசிக்கிறாள். நன்றாக வாசிக்கிறாள். வில் பாதி வரைக்கும் சரியாகப் போகிறது, பிறகு நடுங்குகிறது. தந்தியில் நிற்காமல் வழுக்குகிறது. கருவாடு புரட்டிவிட்டு வந்து எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் கையில் உப்புப் போவதில்லை. அதனாலோ தெரியாது.

பக்கத்து வீட்டில் றமீஸா என்று ஒரு தையல்காரி. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னகா மலர், பூனைக்குட்டி கிணத்துக்க விழுந்திட்டா?" என்று கேட்டாள்.

"ஓம், தூக்கிக்கொண்டிருக்கன். நீ போய்த் தையலப் பாரு" என்றேன்.

விது சிரித்துவிட்டாள். மார்கழிக்குப் பிறகு அவள் சிரித்து நான் இப்போதுதான் பார்த்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா,
தவமலர்


யாழ்ப்பாணம்
05.06.2005

அன்பின் அக்கா,

சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

விதுவா கருவாடு புரட்டுகிறாள்? பள்ளிக்கூடம் போவதில்லையா?

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

குறிப்பு, விதுவுக்கு.
நல்லது: பாதி வில் சரி. பாதி என்பது நிறைய.
பிழை: வில்லைக் கத்தி பிடிப்பதுபோல் பிடிக்கிறாய் என்று நினைக்கிறேன். மீன் வெட்டும் பிடி.
வேலை: பெருவிரலை மடித்து வை. மற்ற விரல்கள் வெறுமனே படுத்திருக்கட்டும். கையைக் கழுவிய பின் அரிசிமாவில் துடை.

யசோ


வாழைச்சேனை
18.09.2005

அன்புள்ள யசோவுக்கு,

நாங்கள் சுகம். உன் தலைவலி எப்படி? விது ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள். கவலைப்படாதே.

அரிசிமா நல்ல வேலை செய்தது. வில் இப்போது வழுக்குவதில்லை. சரளி வரிசை முடிந்து ஜண்டை தொடங்கியிருக்கிறது. ஆனால் சப்பணம் கட்டி இருந்தால் முழங்கால் மரத்துப்போகிறது. எழும்ப ஒருவர் கை கொடுக்க வேண்டும். அதற்கு ஏதும் வழி உண்டா?

அடுத்தது, மெல்லிய தந்தி மூன்றாம் தரமும் அறுந்தது. அறுந்து கன்னத்தில் அடித்தது. தழும்பு பெரிதாக இல்லை.

சுருதிப்பெட்டி இல்லாமல் எப்படிச் சேர்க்கிறீர்கள் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். வீட்டுக்குப் பின்னால் ஐஸ் மிசின் எந்நேரமும் ஓடுகிறது. ம்ம்ம் என்று ஒரே சத்தம், ஏறுவதுமில்லை இறங்குவதுமில்லை. அதைச் சட்ஜமாக வைத்துத்தான் சேர்க்கிறது. அச்சொட்டாகச் சேரும். தந்திதான் தாங்குவதில்லை.

அத்தானிடம் சொன்னால், "எண்ட மிசினக் குறை சொல்லாத. தந்தி நோஞ்சான்" என்கிறார்.

அக்கா


யாழ்ப்பாணம்
30.11.2005

அன்பின் அக்கா,

நலம். தலைவலி போய்விட்டது, உங்கள் கடிதம் வாசித்துச் சிரித்ததில்.

பிறகு பயந்தேன். தந்தி கண்ணில் பட்டிருந்தால்.

ஐஸ் மிசின் உயரத்தில் நிற்கிறது. சட்ஜத்தை அங்கே ஏற்றினால் எந்தத் தந்தியும் அறும். அதைப் பஞ்சமம் என்று எடுங்கள். மிசினோடு "ப" என்று பாடி, அங்கிருந்து ப-ம-க-ரி-ஸ என்று இறங்கினால் சட்ஜம் கீழே காத்துக்கொண்டிருக்கும். மிசின் மாற வேண்டியதில்லை. நாம் அதற்கு வைத்த பெயர்தான் மாற வேண்டும்.

இந்தக் கடிதத்துக்குள் இரண்டு தந்தி சுருட்டி வைத்திருக்கிறேன்.

சிறு வயதில் புளியந்தீவில் என்னை வயலின் வகுப்புக்குக் கூட்டிப் போவீர்களே. நான் உள்ளே. நீங்கள் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில். ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளைதான் படிக்கலாம் என்று அப்பா முடிவு செய்திருந்தார். இன்று ஏனோ அது நினைவுக்கு வந்தது. வேறொன்றுமில்லை.

குறிப்பு, மாணவிக்கு.
நல்லது: சுருதிக்காகக் காது தேடிப் போயிருக்கிறது. இதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது.
பிழை: காது சரி. பெயர் பிழை.
வேலை: கணுக்காலுக்குக் கீழே பழைய சேலையை மடித்து வைக்கவும். நாற்பது வயதில் முழங்கால் முதலில் முறைப்பாடு சொல்லும். பிறகு பழகும்.

யசோ


வாழைச்சேனை
16.04.2006

அன்புள்ள யசோவுக்கு, அத்தான், நான், விது மூவரின் வருசப்பிறப்பு வாழ்த்து. பலகாரம் பொதி செய்தேன். உனக்கு வந்து சேரும்போது கல்லாகியிருக்கும், தண்ணீரில் நனைத்துத் தின்.

"மாணவிக்கு" என்று எழுதியிருக்கிறாய். நாற்பது வயது என்றும் எழுதியிருக்கிறாய். விதுவுக்குப் பதினைந்து. அத்தானிடம் காட்டினேன். "உண்ட தங்கச்சி கணக்குப் பாடத்தில எப்பவும் அப்பிடித்தானே" என்றார்.

அதனால் நானும் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் கேட்காதே.

விதுவிடம் ஒருநாள் பெட்டியை நீட்டி, "ஒருக்கா எடுத்துப் பாரு மகள்" என்று சொன்னேன். "தாளம் போட ஆளில்லம்மா" என்றாள். வயலின் சும்மா கிடந்தால் ஊமையாகிவிடும் என்று நீதானே சொல்வாய்.

சேலை மடிப்பு நல்ல சுகம். பஞ்சமமும் சேர்ந்தது. சட்ஜத்தை முதன்முதலாக இழுத்தபோது மிசின் மேலே நின்று சிரித்த மாதிரி இருந்தது. தந்தி அறவில்லை. கீதம் ஒன்று அனுப்பு.

பலகார வேலையில் இரண்டு நாள் வயலின் சத்தம் இல்லை. றமீஸா நேற்று வேலியடியில் வந்து, "ஏன்கா நிப்பாட்டிட்டாய்? அந்த இழுவைக்குத்தான் நான் தையல் மிசின் மிதிக்கன்" என்று கோபித்தாள். பூனைக்குட்டி கிணற்றை விட்டு வெளியே வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அக்கா


யாழ்ப்பாணம்
25.11.2006

அன்பின் அக்கா,

உயிரோடு இருக்கிறேன். இதைச் சுகம் என்று வாசித்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்துச் செய்திகளை வானொலியில் மட்டும் கேட்கிறேன். நீங்கள் மூவரும் எப்படி?

ஆவணியில் வெளியே போகும் தரைப்பாதை மூடியது உங்களுக்குத் தெரியும். தொலைபேசி இல்லை. கப்பல் வந்தால் கடிதம். அதையும் யாராவது பிரித்துப் பார்ப்பார்கள். ஆகவே பாட்டைப் பற்றி மட்டும்.

பிள்ளைகள் வருவதில்லை. ஒருத்தி குடும்பத்தோடு போய்விட்டாள். ஒருத்தியின் அண்ணன்

பாட்டைப் பற்றி மட்டும்.

கலண்டர் தாள்கள் மேசையில் சேர்ந்து கிடக்கின்றன. எழுத ஆளில்லை. எனக்கு இப்போது ஒரு மாணவிதான். அவள் வாசித்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவளிடம் சொல்லுங்கள், நிறுத்த வேண்டாம் என்று. அவளுக்காக மட்டும் சொல்லவில்லை.

குறிப்பு, மாணவிக்கு.
நல்லது: தையல்காரி காத்திருக்கிறாள்.
பிழை: தெரியவில்லை. கேட்க ஆசை.
வேலை: இதோடு வரும் கீதத்தை முதலாம் காலத்தில் மட்டும். மெதுவாக. மெதுவாக வாசிக்கத் துணிவு வேண்டும்.

தந்தி ஒன்று உள்ளே இருக்கிறது.
யசோ


வாழைச்சேனை
03.03.2007

என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கண்ட பிறகுதான் சோறு இறங்கியது. நாங்கள் இருக்கிறோம். சண்டைக்குத் தப்பி வாகரையிலிருந்து நடந்து வந்த சனம் இங்கே பள்ளிக்கூடமெல்லாம் நிறைந்திருக்கிறது. நம் வீட்டிலும் ஒரு குடும்பம். சோற்றுப் பானையைப் பெரிதாக்கினோம்.

கடிதம் வந்தது. தந்தி வரவில்லை. கம்பி என்று நினைத்து எடுத்திருப்பார்கள். அத்தான் மெல்லிய தந்திக்குப் பதிலாகத் தூண்டில் தங்கூசி நூலைக் கட்டிப் பார்த்தார். வில் பட்டதும் அழுதது. "பாட்டு வராட்டியும் மீன் வரும்" என்று கழற்றிவிட்டார். மூன்று தந்தியில் வாசிக்கிறது. மூன்று தந்தியில் வாசிக்கிறேன்.

எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். கடலுக்குப் போகத் தடை வந்தது. மீன் இல்லை என்றால் ஐஸ் எதற்கு. மிசினை நிறுத்திவிட்டார்கள். அன்று எனக்குக் காது அடைத்த மாதிரி. வயலினை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன், எதற்குச் சேர்ப்பது? அத்தான் வாசலில் வேலையில்லாமல் இருக்கிறார். நான் உள்ளே சுருதியில்லாமல் இருக்கிறேன்.

கண்ணை மூடினேன். அது இருந்தது யசோ. மிசின் நின்ற இடத்தில் சத்தம் அப்படியே இருந்தது. பிடித்தேன். இறங்கினேன். சேர்த்தேன்.

தை மாதம் முழுக்க அப்படித்தான். போன கிழமை மிசினைத் திரும்பவும் ஓட்டினார்கள். கருவாட்டைப் போட்டது போட்டபடி ஓடிப்போய் வயலினை எடுத்தேன். மிசின் பஞ்சமம் சொல்கிறது, என் தந்தி சட்ஜம் சொல்கிறது. மயிரிழை விலகவில்லை. சத்தம் போட்டு அத்தானைக் கூப்பிட்டேன். அவர் கேட்டுவிட்டு, "மிசின்தான் உன்னப் பாத்துச் சேந்திருக்கு" என்றார்.

இன்னுமொன்று. கீதத்தில் நான் வேகமாக ஓடிவிடுவேன். அன்றைக்கு நான் ஓடத் தொடங்கியதும் குசினிக்குள் சட்டி மூடியில் தாளம் விழுந்தது. டக். டக். என்னை இழுத்து நிறுத்துகிற தாளம். விது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடும்.

அக்கா


யாழ்ப்பாணம்
20.07.2007

அக்கா,

நலம் விசாரிக்க மறந்து நேரே எழுதுகிறேன். மன்னியுங்கள்.

சட்டி மூடியை நான்கு தரம் வாசித்தேன்.

குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆசிரியர்களிடமிருந்து இல்லை. வகுப்பு முடிந்து பாலத்தால் நடந்து வரும்போது நீங்கள் சொல்வீர்கள். "இண்டைக்கு ரிஷபம் நல்லாயிருந்திச்சு. காந்தாரத்தில வழுக்கினாய். வீட்ட போய் அத மட்டும் வாசி." வெளியே செருப்புகளோடு இருந்தவர் சொன்னது. மூன்று வரி. அதைத்தான் இத்தனை வருடமாக என் பெயரில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குறிப்பு, தவமலருக்கு.
நல்லது: சுருதி உள்ளே வந்துவிட்டது. இனி யாரும் நிறுத்த முடியாது.
பிழை: ஓட்டம். விதுவின் தாளத்துக்குக் கீழ்ப்படியவும்.
வேலை: மட்டக்களப்பில் சங்கீதப் பரீட்சை நடக்கும்போது விண்ணப்பிக்கவும். சொந்தப் பெயரில்.

யசோ


வாழைச்சேனை
12.10.2008

அன்புள்ள யசோவுக்கு,

எல்லோரும் சுகம். நீ பத்திரம். கொழும்புக்குப் போய் வந்த ஒருவர் நான்கு தந்தி வாங்கி வந்தார். வயலின் முழுதாகிவிட்டது.

விண்ணப்பித்தேன். இரண்டு கீதமும் ஒரு சுரஜதியும் மனப்பாடம். விது தாளம் போடுகிறாள், இப்போது குசினியில் ஒளிந்து இல்லை, முன்னால் இருந்து. வாசிக்க மட்டும் மாட்டாள்.

பரீட்சைக்குப் போகவில்லை.

நல்ல சேலை உடுத்து, வயலின் பெட்டியோடு பஸ் நிலையம் வரைக்கும் போனேன். விது பக்கத்தில். தெரிந்த மனுசி ஒருத்தி, "என்ன மலரக்கா, மகளுக்குப் பரீட்சையா?" என்று கேட்டாள். நான் "ஓம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு கால் கட்டுப்பட்டுப்போயிற்று. பஸ் வந்தது, போனது. பல்லு விழுந்த பிள்ளைகளோடு வரிசையில் நிற்கப் போகும் இந்தக் கிழவிக்கு என்ன பைத்தியம் என்று நினைத்தேன். திரும்பி வந்துவிட்டோம். வழி முழுக்க விது எனக்கு முன்னால் நடந்தாள்.

என்னால் உனக்குத்தான் வெட்கம். மன்னித்துக்கொள்.

அக்கா


யாழ்ப்பாணம்
14.06.2009

அன்பின் அக்கா,

நீங்கள் எல்லோரும் சுகம் என்றே எழுதுங்கள், எப்படி இருந்தாலும்.

இத்தனை மாதம் பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. எழுத மாட்டேன். வைகாசியில் வானொலியை நிறுத்தினேன். என் பழைய மாணவிகளில் ஒருத்தி வன்னியில் இருந்தாள். அவளுக்குக் கடைசியாக எழுதிய குறிப்பு இன்னும் மேசையில் இருக்கிறது. நல்லது ஒன்று, பிழை ஒன்று. வேலை என்ற இடம் வெறுமை.

வயலினைத் தொடவில்லை. நேற்றுத்தான் எடுத்தேன். சுருதிப்பெட்டியைப் போடவில்லை. உங்கள் ஐஸ் மிசினை நினைத்துக்கொண்டு சேர்த்தேன். நான் ஒருநாளும் கேட்டிராத சத்தம். சேர்ந்தது.

குறிப்பு, தவமலருக்கு.
நல்லது: பஸ் நிலையம் வரை.
பிழை: "ஓம்."
வேலை: "எனக்கு" என்று சொல்லிப் பழகவும். ஒரு சொல். அடிவில்லிலிருந்து நுனிவரை, நடுங்காமல்.

யசோ


வாழைச்சேனை
17.01.2010

அன்புள்ள சின்னம்மாவுக்கு விதுர்ஷா எழுதுவது.

அம்மா, அப்பா, நான் மூவரும் நல்ல சுகம். நீங்களும் சுகமாயிருக்க வேண்டும். அம்மாவுக்குக் கை ஓயவில்லை. றமீஸா மாமி, வாகரைக்குத் திரும்பிப்போன சனம், ஐஸ் ஆலை முழுக்க என்று பலகாரம் சுட்டுக்கொண்டிருக்கிறா. அதனால் இந்த முறை நான்.

பரீட்சை கார்த்திகையில் நடந்தது. முடிவு நேற்று வந்தது. கடைசியில் சொல்கிறேன். அம்மாவும் அப்படித்தான் என்னைத் தவிக்க விட்டா.

பஸ் நிலையத்தில் அதே மனுசி. "மகளுக்கா?" என்று கேட்டா. அம்மா நின்றா. "எனக்கு" என்றா. அந்த மனுசி சிரித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறி இருந்தா. அம்மா பின்னால் ஏறி, "இல்லகா, மெய்யா எனக்குத்தான். எழும்பு, அந்த சீட்ட விடு, வயலினுக்கு இடம் வேணும்" என்றா. மட்டக்களப்பு வரைக்கும் வயலின் ஆசனத்தில் வந்தது. அந்த மனுசி நின்றுகொண்டு வந்தா.

மண்டப வாசலில் ஒருவர், "பிள்ளைகள் உள்ளே வாங்க, பெற்றோர் வெளியே நில்லுங்க" என்றார். அம்மா உள்ளே போனா. நான் வெளியே நின்றேன். பிள்ளைகளின் செருப்புகளுக்குப் பக்கத்தில் இருந்துதான் முழுவதையும் கேட்டேன்.

பரிசோதகர், "எத்தனை கட்டைச் சுருதி?" என்று கேட்டார். அம்மாவுக்கு அது எங்கே தெரியும். "எங்கட ஐஸ் மிசின்ட பஞ்சமம் ஐயா" என்றா. உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். அம்மா வில்லை எடுத்துச் சட்ஜத்தை இழுத்தா. சிரிப்பு நின்றது. அவர் சுருதிப்பெட்டியைத் திருகித் திருகி அம்மாவிடம் வந்து சேர்ந்தார்.

சுரஜதி நடுவில் கரண்ட் போய்விட்டது. பெட்டி நின்றது. "பொறுங்க அம்மா, கரண்ட் வரட்டும்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அம்மாவுக்குக் கேட்கவில்லை. வாசித்துக்கொண்டே போனா. நான் வாசற்படியில் தாளம் போட்டேன். எத்தனையோ பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் நிறுத்தவில்லை. கடைசிச் சரணத்தில் கரண்ட் வந்தது, பெட்டி திரும்பவும் ஓடியது.

அம்மாவின் சட்ஜம் அதே இடத்தில் நின்றது.

பிறகு அந்தப் பரிசோதகர் கேட்டார், "யாரிட்டப் படிச்சீங்க?" அம்மா, "தங்கச்சியிட்ட" என்றா. "எந்த இடத்தில வகுப்பு?" "தபால்ல."

அம்மா முதற்பிரிவில் சித்தியடைந்தா.

இனிக் குறிப்பு. நான்தான் வெளியே நின்று கேட்டவள், அதனால் நானே எழுதுகிறேன்.

நல்லது: சுருதி. உலகத்தில் கரண்ட் இல்லாவிட்டாலும் இருக்கும்.
பிழை: முடிவில் வில் ஓடியது. சந்தோசத்தில் ஓடியது, ஆனாலும் பிழை பிழைதான்.
வேலை: இது உங்களுக்கு, சின்னம்மா. பாதை திறந்திருக்கிறது, பஸ் ஓடுகிறது. வந்து ஒருக்கா கேளுங்கள். வரும்போது இன்னொரு வில்லும் அதில் பூசும் ரோசினும் வாங்கி வாங்க. நேற்று அம்மா பலகாரம் சுடும் நேரம் நான் வயலின் பெட்டியைத் திறந்தேன். வெறும் தந்தியில் நீள வில், ஒரு மூச்சு. பாதியில் நடுங்கியது. அடுப்படியிலிருந்து அகப்பையால் அம்மா தாளம் போட்டா.

உங்களுக்கு இப்போது மாணவிகள் இரண்டு பேர்.

அன்புடன்,
விது